முப்பத்தொன்றாம் வாரம்

பிப்ரவரி 18, செவ்வாய். இன்று வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். அப்பா புதிதாக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் சிப்பை அவரைக் கேட்காமல் எடுத்துப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்து, பெரிதாக அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். வைக்கும் முன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு முறை துடைத்தேன். ஒரே ஒரு முறைதான். அதன் முதுகில் அச்சடித்திருந்ததில் கடைசி இரண்டு எண்கள் பஞ்சோடு வந்துவிட்டன. 'சிறு' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அடித்துவிட்டாள். புதன்கிழமை காலையில் நோட்டைத் திறந்தபோது அந்தச் சொல்லின் மேல் மூன்று கோடுகள் இருந்தன. இரண்டு நேற்றுப் போட்டவை. மூன்றாவதை எப்போது போட்டோம் என்று அவளுக்கே நினைவில்லை.

வீட்டில் அவளுக்குப் பென்சில் என்று பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள் என்பது ஒரு காரணம். எதையும் பேனாவால் எழுதப் பயப்படுவாள் என்பது அம்மா சொல்லும் காரணம். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் செல்போன் பழுது பார்க்கும் வகுப்பு. அந்த வகுப்பின் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி ஒட்டியிருக்கும்: முதலில் துடை, பிறகு பார். எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் அழுக்கைத் துடைத்துவிட்டுத்தான் மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும். ஐந்து மாதத்தில் அது அவள் கையில் ஊறிவிட்டது.

அப்பாவின் உலகத்தில் விதி நேர் எதிர். பழைய சிப்பைத் தடவிப் பார்க்கலாம், முகர்ந்துகூடப் பார்க்கலாம். துடைக்க மட்டும் கூடாது. மேலே அச்சடித்த எண்தான் அதன் உயிர்.

அப்பா ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவருடைய பைத்தியம் முதல் அத்தியாயத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவருக்குப் பிறந்த தேதி கிடையாது. கைக்குழந்தையாக ஒரு விடுதியில் விடப்பட்டவர். விடுதிப் பதிவேட்டில் வருடம் மட்டும் இருந்தது: எழுபத்து நாலு. பள்ளியில் சேர்க்கும்போது யாரோ ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார்கள். அவருக்கு மட்டுமல்ல, கூட இருந்த பதினாலு பேருக்கும் அதே தேதி. "பதினஞ்சு பேரும் ஒரே பிரசவம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டினார்கள். கீழே இறக்கிய ஆட்கள் அளவு மீறி ஏற்றியதில் லிஃப்ட் பாதியில் நின்றது. அதைச் சரி செய்யப் போன அப்பாவின் கண்ணில், உடைந்த பலகை ஒன்றில் இருந்த சிப் பட்டது. வெள்ளைப் பீங்கான் உடம்பு, நடுவில் தங்க மூடி, இரண்டு பக்கமும் தங்கக் கால்கள். முதுகில் 7409 என்று ஓர் எண். அங்கிருந்த இன்ஜினியர் விளக்கினார். முதல் இரண்டு எண்ணும் செய்த வருடம், அடுத்த இரண்டும் அந்த வருடத்தில் எத்தனையாவது வாரம் என்பது.

அன்று வீட்டுக்கு வந்து அப்பா சொன்னதை அம்மா இன்னும் அதே குரலில் சொல்லிக் காட்டுவாள்.

"வருஷத்துக்கு அம்பத்திரண்டு வாரம். அம்பத்திரண்டையும் சேத்துட்டா, அதுல ஒண்ணு நான் பொறந்த வாரம்தானே?"

அம்மா தையல்காரி. நூல்கண்டு வைக்கிற இழுப்பறை ஒன்றைக் காலி செய்து கொடுத்தாள். அப்பா அதற்குள் ஒரு மரத்தட்டைப் பொருத்தி, ஐம்பத்திரண்டு குழிகள் குடைந்தார். அதே வருடம், அதே வகைச் சிப், வாரத்துக்கு ஒன்று.

முதலில் ஒன்றும் சிரமமில்லை. பழைய சாமான் கடையில் சிப்புகளை எடை போட்டுத்தான் விற்றார்கள். அப்பா வழக்கமாக வாங்கும் கடைக்காரருக்குத் தராசு என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஒரு டீ குடிக்கிற காசுக்குக் கை நிறைய அள்ளிக் கொடுப்பார். பிறகு தங்கம் விலை ஏறியது. உருக்குகிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள். உருக்கியது போக மிஞ்சியதற்குச் சேகரிப்பவர்கள் அடித்துக்கொண்டார்கள். ஒரு சிப் ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு வந்தது. அடுத்த வருடம் ஒரு சைக்கிள் விலைக்குப் போனது. கடைசியாக மிச்சம் இருந்தது முப்பத்தொன்றாம் வாரம். அந்த வாரம் ஆலையில் ஏதோ கோளாறாம், செய்ததே கொஞ்சம்தானாம். நாலு வருடமாக அந்தக் குழி மட்டும் காலி. போன வாரம் தராசு போன் செய்தார். முப்பத்தொன்று வந்திருக்கிறது. விலை, ஓர் ஓவர்லாக் மெஷின்.

ஓவர்லாக் மெஷின் என்பது உவமைக்குச் சொன்னதல்ல. அம்மா மருத்துவமனைச் சீருடைகள் தைக்கிறாள். துணி ஓரம் பிரியாமல் அடிக்க அவளிடம் மெஷின் இல்லை. மூட்டை கட்டி இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்கு அனுப்பி, கடைக்காரன் அடித்துக் கொடுக்கும் வரை காத்திருப்பாள். மூன்று வருடமாக ஒரு மெஷினுக்குச் சேர்த்துவந்தாள். அந்தப் பணத்தைத்தான் அவளாகவே எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"வாங்கிட்டு வாங்க. ஆனா இதோட இந்த வேட்டை முடிஞ்சது."

அப்பா தலையாட்டினார். வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருக்கும்போது குழியில் வைக்கலாம் என்று ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தார்.

பென்சில் துடைத்தது அந்தச் சிப்பை.

*

அப்பா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் வாசலை மறித்தபடி நின்றாள். சொல்லிவிடலாம் என்றுதான் நின்றாள்.

"என்ன பென்சில், முகம் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன லிஃப்ட் மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

"சரி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? சாயந்தரமே வெச்சிடலாம்னு பாக்குறேன். வெச்சு மூடிட்டா முடிஞ்சது."

சாயந்தரம் என்றால் ஆறரை மணி. வழக்கமாகப் புதுச் சிப் வந்தால் அப்பா அதை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது எடுத்துப் பார்ப்பார். இந்த முறை கொண்டுவந்து வைத்ததோடு சரி, டப்பாவை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். நல்லவேளை என்றுதான் நினைத்தாள். வேறு எப்படியும் நினைக்கத் தோன்றவில்லை.

ஜெராக்ஸ் கடையில் அன்று யாரோ ஒருவரின் பத்திரத்தைத் தலைகீழாக வைத்து நாற்பது பிரதி எடுத்தாள். முதலாளி அந்த நாற்பதையும் அவளிடமே கொடுத்து, பின்பக்கம் டைரி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடாமல் தராசின் கடைக்குப் போனாள். திரும்பக் கொடுக்கும் யோசனையே அவளுக்கு இல்லை. கெடுத்தது தான்தானே, எந்த முகத்தோடு கேட்பது? இன்னொரு முப்பத்தொன்று எங்காவது கிடைக்குமா, தவணையில் தருவாரா என்று கேட்கத்தான் போனாள்.

கடையில் பெரிய தராசு இப்போது ஒரு மூலையில் துரு ஏறிக் கிடந்தது. மேசைமேல் நகைக்கடையில் இருப்பது போல உள்ளங்கை அகலத்தில் ஒன்று. தராசு ஒரு பலகையிலிருந்து சிப்புகளைச் சூடு காட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மோடாவை இழுத்துப் போட்டு, அப்பாவின் முழங்கால் வலியை விசாரித்தார். பிறகு காலம் கெட்டுப்போனதைப் பற்றிக் கொஞ்ச நேரம் புலம்பினார். போனில் ஒருவன் படத்தைப் பார்த்தே விலை பேசுகிறான், கையில் தொட்டுப் பார்க்கிற ஆள் உன் அப்பா ஒருத்தர்தான் என்றார். முப்பத்தொன்று இன்னொன்று என்றதும் கையை விரித்தார். சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது, மறந்துவிடச் சொன்னார்.

அவள் எழுந்துகொண்டே கேட்டாள்.

"அண்ணே, ஸ்பிரிட் பட்டா எழுத்து போயிடுமா?"

பிடுங்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"எதுக்கு? துடைச்சியா?"

"பொதுவாக் கேக்குறேன்."

"அப்போ நானும் பொதுவாச் சொல்றேம்மா. துடைச்ச சரக்கை நான் திரும்ப எடுக்க மாட்டேன். அப்பாகிட்டயும் சொல்லிடு."

திரும்ப எடுப்பாரா என்று அவள் கேட்கவே இல்லை. தெருவில் இறங்கி நாலு கடை தாண்டிய பிறகுதான் அது உறைத்தது. ஒரு விளம்பரப் பலகை நிழலில் நின்று நோட்டை எடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அப்புறம், தன் தவறுக்கு அடுத்தவர் மேல் சந்தேகப்படுவது என்ன புத்தி என்று தோன்றியதால் கேள்விக்குறியை அழித்துவிட்டாள்.

*

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். ஓரம் அடிக்கப் போக வேண்டிய மூட்டை கதவருகே கட்டி வைத்திருந்தது. அந்த மூட்டையைப் பார்த்ததும் பென்சிலுக்கு எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே சொன்னாள். எடுத்துப் போனது, துடைத்தது, தராசு சொன்னது எல்லாவற்றையும், தேதியும் மணியும் விடாமல்.

அம்மாவின் கால் பெடலை விட்டது. மெஷின் இரண்டு தையல் ஓடி நின்றது.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா கையை மட்டும் நீட்டினாள். பென்சில் எடுத்துக் கொடுத்த டப்பாவைத் திறந்து, சிப்பைத் துணி போல இரண்டு விரலால் எடுத்து, மெஷினின் ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த மெஷினில் ஊசிக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு சின்ன விளக்கு உண்டு. வெளிச்சம் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் படுத்து வரும். துணியில் ஒரு நூல் தூக்கியிருந்தாலும் நிழல் காட்டும்.

அம்மா சிப்பை மெல்லத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"இங்க வந்து பாரு."

7, 4 இரண்டும் கருப்பாக, அழுத்தமாக இருந்தன. அதை அடுத்த இடத்தில் பீங்கான் ஒரு நகக்கண் அளவுக்கு மங்கியிருந்தது. அந்த மங்கலுக்குள் நேர்கோடாகக் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். கீறல்களுக்கு அடியில் கறை போல ஏதோ. அம்மா தன் கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் பிடித்தாள். கறை எண்ணாயிற்று. ஒன்று. ஆறு.

"தையலைப் பிரிச்சுட்டு மறுபடி தைச்சா, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் பழைய ஊசித் தடம் போகாது" என்றாள் அம்மா. "இதைப் பிரிச்சுத் தைச்சிருக்கான்."

பதினாறாம் வாரச் சிப். எங்கும் கிடைக்கும் சரக்கு. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மேலே புதிதாக முப்பத்தொன்று என்று அச்சடித்திருக்கிறார்கள்.

பென்சில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். நேற்று மாலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்க வேண்டியதுதான் நியாயம். இறங்கவில்லை.

"அம்மா, அப்பாகிட்ட நான் கெடுத்துட்டேன்னு மட்டும் சொல்லிடட்டுமா?"

அம்மாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் போல. மகள் துடைத்ததால் போயிற்று என்றால் ஒரு வாரம் கோபமாக இருப்பார், அப்புறம் சரியாகிவிடும். பத்தொன்பது வருடம் பார்த்துப் பழகிய கண்ணை ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்தால், அந்த மனுஷன் எதைக் கையில் எடுத்தாலும் இனி நம்பிக்கையோடு பார்க்க மாட்டார். இதை அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட இருபது நிமிடம் முன்னதாக.

*

அப்பா கையில் இருந்த கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவினார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து, இழுப்பறையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐம்பத்தொரு தங்க மூடிகளுக்கு நடுவே ஒரு குழி.

பென்சில் டப்பாவை அவர் முன்னால் தள்ளினாள். என்ன சொல்லலாம், எதை விடலாம் என்றெல்லாம் போட்டுவைத்திருந்த கணக்கு வாயருகே வந்ததும் மறந்துபோயிற்று.

"அப்பா, இதை வகுப்புக்கு எடுத்துட்டுப் போனேன். ஸ்பிரிட்ல துடைச்சுட்டேன். எண் போயிடுச்சு."

அப்பா டப்பாவைத் திறக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மூடிமேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லா எண்ணுமா?"

"கடைசி ரெண்டும்."

"முன்னாடி இருக்கற எழுபத்து நாலு?"

"அது அப்படியே இருக்குப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் குரல் மாறியது.

"ஏங்க, அதை ஏன் தனியாக் கேக்குறீங்க?"

அப்பா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரே அச்சுன்னா நாலு எண்ணும் சேந்து போயிருக்கும், இல்ல சேந்து நின்னிருக்கும். வாங்கும்போதே மூணோட தலை தட்டையா இருந்துச்சு. மத்த எல்லாத்துலயும் மூணு உருண்டையா இருக்கும்."

"தெரிஞ்சே வாங்கினீங்களா?"

"தெரியல. தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்." அப்பா டப்பாவையே பார்த்துக்கொண்டு பேசினார். "மூணு வருஷமாச் சேத்த காசை எடுத்து நீட்டின. வெறுங்கையோட எப்படித் திரும்பி வர்றது? எனக்கும் முடிச்சாப் போதும்னு ஆயிடுச்சு. விலை ஏறிக்கிட்டே போகுது, முழங்கால் போயிடுச்சு, இன்னும் எத்தனை கடை ஏறி எறங்கறது. வெச்சு மூடிட்டா யாரு பாக்கப் போறாங்க."

அம்மா மெஷின் காசைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று பென்சில் நினைத்தாள். கேட்டிருந்தால் நியாயம்தான். அம்மா அதைக் கேட்கவில்லை.

"அம்பத்தொண்ணு நிஜத்துக்கு நடுவுல ஒரு பொய்யை வெச்சு மூடறீங்க. அதுவே நீங்க பொறந்த வாரமா இருந்தா?"

அப்பா முகத்தை உள்ளங்கையால் ஒரு முறை அழுத்தித் தேய்த்தார். சோப்புத்தூள் போட்டும் போகாத கிரீஸ் நெற்றியில் ஒரு கோடாக ஒட்டியது. அம்மா தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு, "இதைத் துடைக்கலாம்ல?" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்ததா வேறு ஏதாவது வந்ததா என்று சொல்ல முடியாது. தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு மூவரும் தையல் மெஷினைச் சுற்றி நின்றார்கள். அப்பா விளக்கடியில் அந்த ஒன்றையும் ஆறையும் பார்த்தார். இழுப்பறையில் பதினாறாம் குழியிலிருந்த சிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஆறின் வயிறு இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது. இத்தனை வருடத்தில் இந்த விளக்கடியில் ஒரு நாளும் ஒரு சிப்பையும் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று சொன்னார். அது தையல் விளக்கு, இது சிப்பு என்றுதான் தன் மூளையும் இருந்தது என்றாள் அம்மா.

பதினாறை அதன் குழியில் திரும்ப வைத்த அப்பாவின் விரல் அங்கேயே நிற்கவில்லை. நாற்பதுக்குப் போனது. நாற்பத்து மூன்றுக்குப் போனது. ஐந்தைத் தொட்டது, இருபத்தேழைத் தொட்டது. பென்சில் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினொன்று. விலை ஏறிய பிறகு தராசிடம் வாங்கியவை.

அப்பா இழுப்பறையை மூடவில்லை.

"நாளைக்கு லீவு சொல்லிடுறேன்" என்றார் கடைசியில். பிறகு அவளைப் பார்த்து, "அடுத்த தடவை கேட்டுட்டு எடு" என்றார். அவ்வளவுதான்.

அம்மா திருப்புளியைத் தேடி எடுத்து, மெஷினிலிருந்து விளக்கைக் கழற்ற ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 19, புதன். நேற்று அடித்த சொல்லை அடித்தபடியே விடுகிறேன். மதியம் அழித்த கேள்விக்குறியை மறுபடி போட்டுவிட்டேன்.

நாளை: காலை எட்டு மணிக்கு மற்ற பதினொன்றையும் விளக்கடியில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அப்பா பார்ப்பார், நான் எழுதுவேன். பத்து மணிக்கு மூவரும் தராசு கடைக்கு. விளக்கை அம்மா எடுத்து வருகிறாள். ஜெராக்ஸ் கடைக்கு அரை நாள் லீவு சொல்ல வேண்டும். எதையும் துடைக்கக் கூடாது.